ஏஎம்டி ஏன் ஆர்ம் பக்கம் போனது, ஏன் திரும்பி வந்தது

2012 அக்டோபர் 29 அன்று அமெரிக்கச் செயலி நிறுவனமான ஏஎம்டி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சர்வர்களுக்கான அதன் ஆப்டெரான் வரிசையில் எக்ஸ்86 என்ற கட்டமைப்பில் அமைந்த செயலிகளோடு இனி ஆர்ம் என்ற வேறு கட்டமைப்பின் 64-பிட் செயலிகளும் வரும், முதல் சிப் 2014-ல் தயாராகிவிடும் என்றது அந்த அறிவிப்பு. அதுவரை ஏஎம்டி என்றாலே எக்ஸ்86தான். அந்தக் கட்டமைப்பில் இன்டெலுக்கு எதிரே தாக்குப்பிடித்து நின்ற ஒரே பெரிய போட்டியாளர் அது. போதாததற்கு, இன்று எல்லோரும் பயன்படுத்தும் 64-பிட் எக்ஸ்86-ஐ வடிவமைத்ததும் ஏஎம்டிதான். அப்படிப்பட்ட நிறுவனமே வேறொரு கட்டமைப்பைக் கையில் எடுத்ததும் சர்வர் உலகம் நிமிர்ந்து பார்த்தது.

சொன்ன சிப் 2016 ஜனவரியில்தான் வந்தது. வந்த வேகத்தில் மறக்கப்பட்டது. 2017-ல் ஏஎம்டி மறுபடியும் முழு மூச்சாக எக்ஸ்86-க்கே திரும்பி, அதிலேயே பெரிய வெற்றியும் கண்டது. இதை மட்டும் பார்த்தால் ஆர்ம் முயற்சி ஒரு தவறான கணிப்பு என்று தோன்றும். ஆனால் இன்று அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றுமே தங்கள் தரவு மையங்களில் சொந்தமாக வடிவமைத்த ஆர்ம் செயலிகளை ஓட்டுகின்றன. ஏஎம்டி பார்த்த திசை சரியாகவே இருந்திருக்கிறது. அப்படியானால் தடுத்தது எது? என் பார்வையில், சர்வரில் கட்டமைப்பை மாற்றும் பலம் சிப்பை விற்பவரிடம் இல்லை, அதை வாங்கி மென்பொருள் ஓட்டுபவரிடம்தான் இருக்கிறது. ஏஎம்டியின் அனுபவத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் இது புரியும்.

கட்டமைப்பு என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு செயலிக்குப் புரியும் கட்டளைகள் எவை, அதற்குள் கணக்குப் போட எத்தனை ரெஜிஸ்டர்கள் (எண்களைக் கையருகே வைத்துக்கொள்ளும் சிற்றிடங்கள்) உண்டு, நினைவகத்தில் எழுதுவதும் படிப்பதும் எந்த ஒழுங்கில் நடக்கும் என்பதையெல்லாம் வகுத்து வைத்த விதிகளின் தொகுப்புதான் கட்டமைப்பு. மென்பொருள் இந்த விதிகளை நம்பி எழுதப்படுகிறது. சிப்பின் உள்ளே டிரான்சிஸ்டர்களை எப்படி அடுக்குகிறார்கள் என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறலாம். விதிகள் மாறாதவரை பழைய நிரல் புதிய சிப்பில் ஓடும்.

எக்ஸ்86-இன் வேர் 1978-ல் வந்த இன்டெல் 8086. நாற்பது வருடத்துக்கு மேல் அதன் மேல் அடுக்கடுக்காகச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதனால் ஒரு கட்டளையின் நீளம் 1 பைட்டாகவும் இருக்கலாம், 15 பைட்டாகவும் இருக்கலாம். ஒரு கட்டளை எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியும். ஒரே நேரத்தில் பல கட்டளைகளைப் பிரித்துப் படிக்க வேண்டிய இன்றைய செயலிக்கு இது கூடுதல் வேலை. ஆர்ம் கட்டமைப்பு பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்தது. முதல் சிப் 1985-ல் உயிர் பெற்றது. 2011 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட அதன் 64-பிட் வடிவத்தில் ஒவ்வொரு கட்டளையும் சரியாக 4 பைட். பொதுப் பயன்பாட்டுக்கு 31 ரெஜிஸ்டர்கள். 64-பிட் எக்ஸ்86-ல் வெகுகாலம் இருந்தவை 16.

இதை வைத்துக்கொண்டு ஆர்ம் என்றாலே மின்சாரம் குறைவு, எக்ஸ்86 என்றாலே அதிகம் என்று அப்போது பலர் எழுதினார்கள். இன்றைக்கும் எழுதுகிறார்கள். அது அவ்வளவு எளிதல்ல. 2013-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரு கட்டமைப்புகளின் செயலிகளையும் அளந்து பார்த்து, மின்செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தச் சிப்பை எந்த இலக்கோடு வடிவமைத்தார்கள் என்பதுதான், கட்டளைத் தொகுப்பின் பங்கு சொற்பம் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆர்ம் செயலிகள் சிக்கனமாக இருந்ததற்குக் காரணம், அவை பேட்டரியில் ஓடும் கைபேசிகளுக்காகப் பல வருடம் செதுக்கப்பட்டவை என்பதே.

தொழில்நுட்பத்தைவிடப் பெரிய வித்தியாசம் உரிமத்தில் இருக்கிறது. எக்ஸ்86 செயலி செய்யும் உரிமை இன்டெல், ஏஎம்டி, அப்புறம் வயா போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களுக்குள் அடங்கிவிட்டது. ஆர்ம் நிறுவனமோ வடிவமைப்பை யாருக்கு வேண்டுமானாலும் உரிமம் கொடுத்துப் பணம் வாங்குவதையே தொழிலாகக் கொண்டு வளர்ந்தது. ஆயத்தமாக உள்ள கோரை, அதாவது செயலிக்குள் கட்டளைகளை நிறைவேற்றும் அலகை, அப்படியே வாங்கிச் சிப்பில் பதிக்கலாம். அல்லது கட்டமைப்பு உரிமம் மட்டும் வாங்கி, விதிகளுக்கு உட்பட்டு நாமே கோரை வரையலாம். சர்வர் சந்தையின் தலையெழுத்தைப் பின்னாளில் மாற்றியது 4 பைட் கட்டளை அல்ல, இந்த உரிமம்தான்.

ஏஎம்டியின் கணக்கு

2012-ல் ஏஎம்டி நல்ல நிலையில் இல்லை. 2003 ஏப்ரலில் வந்த முதல் ஆப்டெரானின் பலத்தில் அது 2006 வாக்கில் சர்வர் சந்தையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைப் பிடித்திருந்தது. அதற்கப்புறம் வந்த சறுக்கலில், குறிப்பாக 2011-ன் புல்டோசர் வடிவமைப்பு எதிர்பார்த்த வேகத்தைத் தராததால், அந்தப் பங்கு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. எக்ஸ்86-ல் இன்டெலோடு நேருக்கு நேர் மோத அப்போது அதனிடம் சரக்கில்லை.

அதே நேரத்தில் மைக்ரோசர்வர் என்ற எண்ணம் பரவிக்கொண்டிருந்தது. இணையத்தில் வரும் கோரிக்கைகள் பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. இதற்கு எதற்குப் பெரிய, மின்சாரம் குடிக்கும் கோர்கள்? கைபேசித் தரத்துச் சின்ன கோர்களை நூற்றுக்கணக்கில் ஒரே பெட்டியில் அடுக்கினால் போதாதா? சீமைக்ரோ என்ற நிறுவனம் 2010-ல் இன்டெலின் ஆட்டம் சிப்புகள் 512-ஐ ஒரே பெட்டிக்குள் வைத்துக் காட்டியது. 2012 தொடக்கத்தில் ஏஎம்டி அந்த நிறுவனத்தை 33.4 கோடி டாலருக்கு வாங்கியது. சீமைக்ரோவின் உண்மையான சொத்து, அத்தனை சிப்புகளையும் உள்ளுக்குள் இணைக்கும் வலைப்பின்னல். அதில் ஆர்ம் செயலியைச் செருகினால் இன்டெல் இல்லாத ஒரு புது மைதானம் கிடைக்கும் என்பது ஏஎம்டியின் கணக்கு.

காகிதத்தில் இது நல்ல கணக்குதான். ஆயத்தமான ஆர்ம் கோரை வாங்கினால் ஆராய்ச்சிச் செலவு குறையும். சர்வருக்குத் தேவையான நினைவகக் கட்டுப்பாடு, பிழைதிருத்தும் நினைவகம், வேகமான வலையிணைப்பு எல்லாவற்றிலும் ஏஎம்டிக்குப் பழக்கம் உண்டு. ஆர்ம் முகாமில் அப்போது இருந்த மற்றவர்களுக்கு அந்த அனுபவம் குறைவு. உதாரணத்துக்கு கால்செடா. கணினி நிறுவனமான ஹெச்பியின் மூன்ஷாட் என்ற மைக்ரோசர்வர் திட்டம் 2011 நவம்பரில் அறிவிக்கப்பட்டபோது அதன் முதல் கூட்டாளி இந்த நிறுவனம்தான். ஆனால் அதன் சிப் 32-பிட். ஒரு சிப்புக்கு 4 ஜிபி நினைவகம்தான் உச்சம். சர்வரில் அதை வைத்துக்கொண்டு அதிக தூரம் போக முடியாது. 2013 டிசம்பரில் பணம் தீர்ந்து கால்செடா செயல்பாட்டை நிறுத்தியது.

மைக்ரோசர்வர் எண்ணத்திலேயே ஓர் ஓட்டை இருந்தது. அதை 2010-லேயே சுட்டிக்காட்டியவர், கூகுளின் தரவு மையங்களைக் கட்டி எழுப்பிய உர்ஸ் ஹோல்ஸ்லே. ஒரு கோரிக்கையில் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலையும் உண்டு, ஒருவரே வரிசையாகச் செய்து முடிக்க வேண்டிய வேலையும் உண்டு. கோர் மெதுவாக இருந்தால் இந்த இரண்டாவது வகை நேரம் நீண்டுகொண்டே போகும். எத்தனை ஆயிரம் கோர் சேர்த்தாலும் அது குறையாது. அதை ஈடுகட்ட நிரலை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்க வேண்டும், அதற்குப் பொறியாளர்களின் உழைப்பு வேண்டும். மின்சாரத்தில் மிச்சப்பட்டது அதில் போய்விடும். மின்சிக்கனத்துக்காகக் கோரின் வேகத்தை ஓர் அளவுக்கு மேல் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அவர் வாதம். அது அப்படியே பலித்தது. இன்று வெற்றி பெற்றிருக்கும் ஆர்ம் சர்வர் சிப்புகள் ஒன்றுகூட சின்ன கோர் சித்தாந்தத்தில் பிறந்தவை அல்ல.

சிப் வந்தபோது

சியாட்டில் என்று உள்பெயர் கொண்ட அந்தச் சிப் ஆப்டெரான் ஏ1100 என்ற பெயரில் வந்தது. 8 கார்டெக்ஸ்-ஏ57 கோர்கள், 8 எம்பி மூன்றாம் நிலை கேஷ் (கோர்களுக்குப் பக்கத்திலேயே உள்ள வேகமான நினைவகம்), நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் இரண்டு வலையிணைப்புகள், அதிகபட்சம் 32 வாட். 2014-க்கு இது கவனத்தை ஈர்த்திருக்கக்கூடிய சிப். 2016-க்கு அல்ல. அது 28 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரானது (இந்த எண் சிறிதாகச் சிறிதாக டிரான்சிஸ்டர்களை நெருக்கமாகப் பதிக்கலாம்). இதற்குள் இன்டெல் சும்மா இருக்கவில்லை. 2015 மார்ச்சிலேயே 14 நானோமீட்டரில் 8 கோர்கள் கொண்ட சியான்-டி சிப்பை 45 வாட்டில் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதன் ஒவ்வொரு கோரும் ஏ57-ஐவிட வெகு வேகம். எல்லாவற்றுக்கும் மேலாக, இருக்கிற மென்பொருள் எதையும் தொடாமல் அப்படியே ஓடும்.

ஏஎம்டிக்குள்ளும் காற்று மாறியிருந்தது. சீமைக்ரோ பிரிவு 2015-ல் மூடப்பட்டது. ஆர்ம் கட்டமைப்பு உரிமத்தின் கீழ் ஏஎம்டி தானே வரைவதாக 2014-ல் சொன்ன கே12 கோர் கடைசிவரை கடைக்கு வரவில்லை. இருந்த பணத்தையும் ஆட்களையும் ஸென் என்ற புதிய எக்ஸ்86 வடிவமைப்பில் குவித்தார்கள். 2017 ஜூனில் எபிக் சர்வர் செயலியாக அது வெளிவந்ததும் ஏஎம்டியின் சர்வர் தொழில் மறுபடி தலைதூக்கியது. தலைமைச் செயல் அதிகாரி லிசா சூவின் கீழ் எடுத்த இந்த முடிவு, பண நெருக்கடியில் இருந்த நிறுவனத்துக்குச் சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். இரண்டு கட்டமைப்புகளையும் சுமந்து நடக்கும் பலம் அப்போது ஏஎம்டிக்கு இல்லை.

சொல்லப்போனால் இந்தப் பாடத்தை உலகத்துக்கு முதலில் நடத்தியதே ஏஎம்டிதான். இன்டெலும் ஹெச்பியும் சேர்ந்து எக்ஸ்86-ஐ ஓரங்கட்டிவிட்டு ஐட்டேனியம் என்ற முற்றிலும் புதிய 64-பிட் கட்டமைப்பை 2001-ல் கொண்டுவந்தன. பழைய நிரல்கள் அதில் மிக மெதுவாக ஓடின. 2003-ல் ஏஎம்டி எக்ஸ்86-ஐ அப்படியே வைத்துக்கொண்டு அதையே 64-பிட்டுக்கு நீட்டியது. பழைய 32-பிட் நிரல் முழு வேகத்தில் ஓடியது, புதியதற்கு மெதுவாக மாறிக்கொள்ளலாம். வாடிக்கையாளர்கள் ஏஎம்டி பக்கம் சாய்ந்தார்கள். மறு ஆண்டே இன்டெலும் அதையே ஏற்றுக்கொண்டது. பத்து வருடம் கழித்து ஏஎம்டி நின்ற இடம், 2001-ல் இன்டெல் நின்ற அதே இடம்.

மென்பொருளில் என்னதான் சிக்கல்?

லினக்ஸ் இயங்குதளம் ஆர்மில் ஓடுகிறது, நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் இருக்கிறது, மறுபடி கம்பைல் செய்தால் முடிந்தது என்று கேட்கும்போது நியாயமாகத்தான் படும். நடைமுறையில் அங்கேதான் வேலை தொடங்கும்.

சி மொழியில் ஒரு கோப்பை எழுத்தெழுத்தாகப் படிக்கும் பழைய நிரல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பு முடிந்ததும் படிக்கும் கட்டளை −1 என்ற மதிப்பைத் திருப்பித் தரும். எழுதியவர் கவனக்குறைவாக அதை எழுத்துக்கான 1 பைட் மாறியில் வாங்கிவிட்டார். எக்ஸ்86 லினக்ஸில் அந்த மாறி குறை எண்களையும் ஏற்கும். −1 வந்ததும் சுழற்சி நிற்கும், இருபது வருடமாக யாருக்கும் பிரச்சினை தெரியாது. ஆர்ம் லினக்ஸில் அதே வகை மாறி இயல்பாகவே 0 முதல் 255 வரை மட்டும் ஏற்கும். −1 அதற்குள் போனதும் 255 ஆகிவிடும். அது ஒருபோதும் −1-க்குச் சமமாகாது. நிரல் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். தவறு நிரலில்தான், சிப்பில் இல்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் கண்ணுக்கு, எக்ஸ்86-ல் ஓடுகிறது, ஆர்மில் தொங்குகிறது, அவ்வளவுதான்.

இதாவது உடனே தெரிந்துவிடும். நினைவக ஒழுங்கு சம்பந்தமான பிழை இன்னும் கொடியது. ஒரு கோர் ஒரு தகவலை எழுதிவிட்டு, தயார் என்று ஒரு கொடியை 1 ஆக்குகிறது. இன்னொரு கோர் கொடி 1 ஆனதைப் பார்த்ததும் தகவலை எடுக்கிறது. எக்ஸ்86-இன் விதிப்படி, எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்கும் அது தெரியும். ஆர்மின் விதி தளர்வானது. நிரலர் தடுப்புக் கட்டளை போட்டுக் கேட்டாலொழிய, கொடி முதலில் தெரிந்து தகவல் பிறகு தெரியலாம். இரண்டாவது கோர் பழைய தகவலை எடுத்துக்கொண்டு போய்விடும். லட்சத்தில் ஒரு தடவை, அதுவும் சுமை ஏறும் நள்ளிரவில் இது நடந்தால் எங்கே தேடுவது? தடுப்புகள் ஒழுங்காகப் போட்டு எழுதியிருந்தால் பயமில்லை. எக்ஸ்86-இன் கண்டிப்பான ஒழுங்கு, தவறாக எழுதியவர்களையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பதுதான் விஷயம்.

இயங்குதளம் நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் துண்டுக்குப் பக்கம் என்று பெயர்; அதன் அளவிலும் இப்படி ஒன்று நடந்தது. எக்ஸ்86-ல் ஒரு பக்கம் 4 கேபி என்பது காலங்காலமாக மாறாதது. லினக்ஸை நிறுவனங்களுக்கு வழங்கும் ரெட் ஹேட் தன் முதல் ஆர்ம் வெளியீடுகளில் 64 கேபியைத் தேர்ந்தெடுத்தது. 4096 என்ற எண்ணை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தவை உடைந்தன. பின்னாளில் அதன் 9-ஆம் பதிப்பில் இயல்புநிலை 4 கேபியாக மாற்றப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் முன்னால், கணினி கிளம்ப வேண்டுமே! எக்ஸ்86 சர்வர் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஒரே நிறுவல் வட்டு போதும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதை வன்பொருளே இயங்குதளத்துக்குச் சொல்லிவிடும். ஆர்ம் உலகம் கைபேசிகளில் வளர்ந்ததால் ஒவ்வொரு சிப்புக்கும் தனியாக இழைத்த கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) என்பதே வழக்கமாக இருந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-ல் இந்தக் குழப்பத்தைக் கடுமையாகக் கண்டித்தார். சர்வர் ஆர்ம் சிப்புகள் அனைத்தும் ஒரே மாதிரி கிளம்ப வேண்டும் என்ற பொதுத் தரவரையறையை ஆர்ம் 2014 ஜனவரியில்தான் வெளியிட்டது. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் ஆர்முக்கு முழு ஆதரவோடு வந்தது 2017 நவம்பரில். ஏஎம்டியின் சிப் வெளியாகிக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து.

இதில் கோழியா முட்டையா என்ற சிக்கல் தானாகவே வந்துவிடுகிறது. வன்பொருள் பரவாமல் மென்பொருள் நிறுவனங்கள் சோதனைக்குப் பணம் செலவழிக்க மாட்டார்கள். மென்பொருள் இல்லாமல் யாரும் வன்பொருள் வாங்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் இல்லாத சிப் நிறுவனம் நடுவில் நின்று காத்திருக்க வேண்டியதுதான். இப்படிக் காத்திருந்தது ஏஎம்டி மட்டுமல்ல. குவால்காம் 2017 நவம்பரில் 48 கோர்கள், 10 நானோமீட்டர் என்று சென்ட்ரிக் சிப்பைக் கொண்டுவந்து, மறு ஆண்டே அந்த அணியைக் கலைத்தது. பிராட்காம் பாதியில் விட்ட வடிவமைப்பை கேவியம் எடுத்துத் தண்டர்எக்ஸ்2 ஆக்கியது; கேவியத்தை மார்வெல் வாங்கியது.

வாங்குபவர் சிப் செய்தால்

அமேசான் 2015-ல் அன்னபூர்ணா லேப்ஸ் என்ற சிப் வடிவமைப்பு நிறுவனத்தை வாங்கியது. 2018 நவம்பரில் அதன் முதல் கிராவிட்டான் வந்தது. 16 கார்டெக்ஸ்-ஏ72 கோர்கள். வேகத்தில் அது ஒன்றும் பிரமாதமில்லை. ஏஎம்டி விற்ற சிப்பைவிட ஒரு தலைமுறை முன்னேறியது, அவ்வளவுதான். வித்தியாசம் அதைச் சுற்றி இருந்த ஏற்பாட்டில். ஏஎம்டி சிப்பை விற்க, முதலில் ஒரு சர்வர் தயாரிப்பாளரைச் சம்மதிக்க வைக்க வேண்டும், அப்புறம் இயங்குதள நிறுவனத்தை, அப்புறம் வாங்கும் நிறுவனத்தை. அமேசானில் இவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். வாடிக்கையாளர் சர்வர் வாங்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்துத் தன் நிரலை ஓட்டிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். சோதனைக்கான விலை கிட்டத்தட்டப் பூஜ்யமாகிவிட்டது.

2019 டிசம்பரில் அறிவித்த கிராவிட்டான்2-ல் 64 நியோவர்ஸ் என்1 கோர்கள் இருந்தன. அதேபோன்ற எக்ஸ்86 வாடகைக் கணினிகளைவிட விலைக்கேற்ற திறன் 40 சதவீதம்வரை அதிகம் என்றது அமேசான். இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. எக்ஸ்86 கிளவுடில் ஒரு மெய்நிகர் செயலி என்று நாம் வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் ஒரு கோர் ஒரே நேரத்தில் ஓட்டும் இரண்டு இழைகளில் (கட்டளைத் தொடர்களில்) ஒன்றுதான். கிராவிட்டானில் அது ஒரு முழு கோர். அருகில் ஓடும் இன்னொரு வேலையோடு கேஷையும் கணக்கிடும் அலகுகளையும் பங்குபோட வேண்டியதில்லை. அமேசானே நடத்தும் தரவுத்தளச் சேவைகளை ஆர்முக்கு மாற்றிக்கொள்வதோ இன்னும் சுலபம்; தரவுத்தளத்தைக் கேட்டுப் பதில் வாங்குபவருக்குக் கீழே எந்தச் சிப் என்ற கவலையே இல்லை.

நிரலர்களின் மேசையிலும் மாற்றம் வந்தது. 2019 தொடக்கத்தில் டோர்வால்ட்ஸ் ஒரு கருத்துச் சொன்னார்: வீட்டில் எந்தக் கட்டமைப்பில் நிரல் எழுதுகிறார்களோ அதே கட்டமைப்பில்தான் சர்வரிலும் ஓட்ட விரும்புவார்கள், அதனால் ஆர்ம் மடிக்கணினி பரவாமல் ஆர்ம் சர்வர் ஜெயிப்பது கடினம். 2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 சிப்போடு மடிக்கணினிகளை வெளியிட்டது. ஒரே வருடத்தில் ஏராளமான நிரலர்கள் ஆர்மில் வேலை செய்ய ஆரம்பித்தார்கள். எக்ஸ்86-க்காகக் கட்டிய கன்டெய்னரை (நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதி) இழுத்து ஓட்டினால், இந்தச் செயலிக்கான நிரல் இது அல்ல என்ற பொருளில் சில நேரம் எக்ஸெக் ஃபார்மட் எரர் என்று முகத்தில் அடித்தது. எரிச்சலடைந்தவர்கள் திறந்த மூலத் திட்டங்களில் புகார் எழுதினார்கள், திருத்தங்களை அனுப்பினார்கள், நூலகங்கள் ஆர்முக்கும் சேர்த்தே வெளியாகத் தொடங்கின. பல வருடம் சிப் நிறுவனங்கள் கெஞ்சியும் நடக்காதது இப்படி நடந்தது.

அதன்பிறகு மற்றவர்களும் வந்தார்கள். மைக்ரோசாஃப்ட் 2023 நவம்பரில் 128 கோர் கொண்ட கோபால்ட் 100-ஐ அறிவித்தது. 2024 ஏப்ரலில் கூகுள் ஆக்ஸியானை அறிவித்தது. என்விடியா தன் ஜிபியுக்கள் என்ற வரைகலைச் செயலிகளுக்குத் துணையாக 72 ஆர்ம் கோர்கள் கொண்ட கிரேஸைச் செய்தது. இதில் என்விடியா மட்டும்தான் சிப்பை வெளியே விற்பவர். அதுவும் வாடிக்கையாளர் உண்மையில் தேடி வருவது ஜிபியுவுக்காக.

எக்ஸ்86 முகாம் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது வருடம் ஒன்றையொன்று நீதிமன்றத்திலும் சந்தையிலும் இழுத்த இன்டெலும் ஏஎம்டியும் 2024 அக்டோபரில் சேர்ந்து உட்கார்ந்து, எக்ஸ்86 கட்டமைப்பின் எதிர்காலத்தை ஒருங்கே வகுக்க ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தன. இரு நிறுவனங்களும் தனித்தனியாகக் கட்டளைகளைச் சேர்த்து மென்பொருள் எழுதுபவர்களைக் குழப்புவதை நிறுத்துவதே அதன் முக்கிய வேலை. டோர்வால்ட்ஸும் அதில் உண்டு. குழுவின் தொடக்க உறுப்பினர் பட்டியலில் சொந்த ஆர்ம் சிப் வைத்திருக்கும் கூகுளும் மைக்ரோசாஃப்டும் இருக்கின்றன. அவர்களின் தரவு மையங்களில் இரண்டு கட்டமைப்புகளும் பக்கத்துப் பக்கத்து அடுக்குகளில் ஓடுகின்றன. அடுத்த கொள்முதலில் எதை எவ்வளவு எடுப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்கிறார்கள்.